கெட்டிப்பட்ட ரெசினும் முதிர்ந்த ரெசினும்

மரத்துண்டையும், இரண்டு திரவங்களைக் கலந்து இறுகவைக்கும் எபாக்சி ரெசின் என்ற செயற்கைப் பிசினையும் ஒன்றாக வார்த்து, கடைசல் இயந்திரத்தில் ஏற்றி வளையல், மோதிரம், தொங்கட்டான் எனக் கடைந்தெடுக்கும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்து வருகிறேன், பிறருக்கும் கற்றுக்கொடுக்கிறேன். கற்க வருபவர்களில் பெரும்பாலோர் உளியைப் பார்த்தே அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் நியாயமானதுதான். ஆனால் நான் அறிந்தவரையில் இந்தத் தொழிலை விட்டே ஒருவரை விலக வைப்பது உளிக்காயம் அன்று. கலக்கும் குவளையிலிருந்தும் உப்புத்தாள் கிளப்பும் தூளிலிருந்தும் வரும் ஒவ்வாமை.

என்னிடம் பயின்ற ஒரு பெண், சேர்ந்த மூன்றாம் மாதத்தில் ஒரு காலை இமைகள் இரண்டும் வீங்கிய நிலையில் வந்தார். "மெட்ராஸ் ஐ போலிருக்கிறது அக்கா, உங்களுக்கும் ஒட்டிக்கொள்ளும்" என்று சொல்லி வாசலிலேயே நின்றுவிட்டார். விழி சிவக்கவில்லை, பீளை தள்ளவில்லை. இமைத்தோல் மட்டும் தடித்துச் செதில் செதிலாக உரிந்திருந்தது. விரலிடுக்கிலும் அதே தடிப்பு. முதுகில் மருந்துத் துண்டுகளை ஒட்டி இரண்டு நாள் வைத்துப் பார்க்கும் சோதனையைத் தோல் மருத்துவர் செய்து, எபாக்சி ஒவ்வாமை என்று உறுதிப்படுத்தினார். அதற்கு முந்தைய வாரம், ஒரு திருமண ஆர்டருக்கு நாள் நெருங்கியதால், வார்த்து இரண்டு நாள்கூட ஆகாத வளையல்களைக் கடையும்படி அவரிடம் சொன்னவள் நான். அந்தத் தவறு என்னுடையது.

நம் பக்கத்துக் கடைசலுக்குப் பிசின் புதிதன்று. அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான்களிலும் கர்நாடகத்தின் சன்னபட்டணா பொம்மைகளிலும், சுழலும் மரத்தின்மேல் அரக்குக் குச்சியை அழுத்திப் பிடிப்பார்கள். உரசலின் சூட்டில் அரக்கு இளகி மரத்தில் படியும், ஆறினால் இறுகும், மீண்டும் சூடேற்றினால் மீண்டும் இளகும். எபாக்சி இப்படி ஆறி இறுகுகிற பொருள் அன்று. ரெசின், ஹார்டனர் என்ற இரண்டு திரவங்களும் வேதிவினையால் பிணைந்து ஒரே வலைப்பின்னலாக மாறுவதால்தான் அது கெட்டியாகிறது. பிணையாமல் மிஞ்சிய சிறு மூலக்கூறுகள் தோலுக்குள் நுழையக்கூடியவை. உடலின் எதிர்ப்பாற்றல் ஒருமுறை அவற்றைப் பகையென்று குறித்துக்கொண்டால் பிறகு மறப்பதில்லை. நூறு முறை தொட்டும் ஒன்றும் ஆகாதவருக்கு நூற்றொன்றாவது முறை தடிப்பு வரலாம்; அதன்பின் துளி பட்டாலும் வரும். "எனக்கு இதுவரை ஒன்றும் ஆனதில்லை" என்ற பேச்சை நான் ஏற்பதில்லை என்பதற்கு இதுவே காரணம்.

ஆகவே கெட்டிப்பட்டதற்கும் முதிர்ந்ததற்கும் உள்ள வேறுபாட்டை முதல் நாளே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான எபாக்சிகள் 24 மணி நேரத்தில் அச்சிலிருந்து கழற்றும் அளவுக்குக் கெட்டிப்படும்; முழுமையாக முதிர, அதாவது உள்ளே மூலக்கூறுகள் பிணைந்து முடிய, ஏறக்குறைய 7 நாள் ஆகும். ஆழமாக வார்ப்பதற்கென்று விற்கப்படும் மெதுவான வகைகளுக்கு இன்னும் அதிக நாள் தேவைப்படும். முதிராத கட்டையை உளியே காட்டிக்கொடுத்துவிடும்: சீவல் நாடாவாகச் சுருண்டு வராமல் உளிமுனையில் பசைபோல் அப்பும், உப்புத்தாள் சில நொடிகளில் அடைத்துப் பளபளவென்றாகிவிடும், உரசும் இடத்திலிருந்து காரமான நெடி எழும். அந்த நிலையில் இயந்திரத்தை நிறுத்திக் கட்டையைக் கழற்றி வைக்க வேண்டுமே தவிர, வேகத்தைக் கூட்டிச் சமாளிக்கக் கூடாது.

கலவை விகிதம் பிழைத்தால் எத்தனை நாள் காத்தும் பயனில்லை. 2:1 என்று டப்பாவில் போட்டிருப்பது கன அளவா எடையா என்பதைப் பலர் பார்ப்பதில்லை. ஹார்டனர் பெரும்பாலும் ரெசினைவிட இலேசானது. கன அளவுக்குச் சொன்ன விகிதத்தைத் தராசில் வைத்து, 100 கிராமுக்கு 50 கிராம் என்று ஊற்றினால் ஹார்டனர் கூடிப்போகும், கூடிய பகுதி பிணையத் துணையின்றி அப்படியே உள்ளே தங்கிவிடும். மழைக்காலத்து ஈரக்காற்றில் வார்ப்பின் மேல் மெழுகுபோல் ஒரு பிசுபிசுப்பு படிவதையும் கவனியுங்கள். அது ஹார்டனரிலுள்ள அமீன் என்ற வேதிப்பொருள் காற்றிலுள்ள ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்வதால் வருவது. வெதுவெதுப்பான நீரில் கழுவிய பின்பே உப்புத்தாள் போட வேண்டும்.

கலக்கும்போது நைட்ரைல் கையுறை அணிய வேண்டும். அதுவும் ரெசின் பட்டவுடன் மாற்றுவதற்காகவே. தோலில் பட்டதைத் தின்னராலோ அசிட்டோனாலோ துடைக்கும் பழக்கம் மிகவும் தீங்கானது: அவை ரெசினைக் கரைத்துத் தோலுக்குள்ளேயே கொண்டுசேர்க்கும். காகிதத்தால் ஒற்றியெடுத்துவிட்டுச் சோப்பும் நீரும் போதும். கடையும்போதோ கையுறை அறவே கூடாது. கட்டையைக் கவ்விப் பிடித்துச் சுழலும் சக்கில் சிக்கினால் கையையும் சேர்த்து இழுத்துவிடும். துப்பட்டா, முந்தானை, பின்னல், கையிலுள்ள வளையல் ஆகியவற்றுக்கும் இதே விதி.

ரெசின் தூளைப் பற்றிக் கவலைப்படுபவர்கள்கூட, மரத்தூளை இயற்கையானது என்று விட்டுவிடுகிறார்கள். இங்கிலாந்தின் ஹை விக்கம் பகுதி மரச்சாமான் தொழிலாளர்களிடையே அரிதான மூக்குப் புற்றுநோய் வழக்கத்துக்கு மாறாக அதிகமாயிருந்ததை 1960களில் மருத்துவர்கள் கண்டறிந்தனர். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இல் மரத்தூளை, மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது உறுதியான பொருள்களின் பட்டியலில் வைத்தது. நகைக்காரர்கள் நிறத்துக்காக விரும்பும் ஈட்டி மரமும், தேக்கும் தோல் ஒவ்வாமையைத் தூண்டும் வேதிப்பொருள்களைத் தம்முள்ளேயே கொண்டவை. உளி சீவிய சுருள்கள் காலடியில் விழுந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத நுண்தூளை எழுப்புவது உப்புத்தாள்தான், அது மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும். கைக்குட்டை கட்டுவதால் அது தடைப்படாது. முகத்தில் இடைவெளியின்றிப் பொருந்தும் N95 முகக்கவசமாவது வேண்டும். ஆனால் அது தூளைத்தான் தடுக்கும், ரெசின் ஆவியைத் தடுக்காது. எங்கள் பட்டறையில் தேய்க்கும்போது மேல்விசிறியை அணைத்து, கட்டைக்குப் பின்னாலிருந்து தூளை வெளியே இழுக்கும் விசிறியை மட்டும் ஓட்டுகிறோம். மரப்பகுதிக்கு முதலில் மெல்லிய பூச்சு கொடுத்து மூடிவிட்டு, 400-க்கு மேற்பட்ட எண்ணுள்ள நுண்மையான உப்புத்தாள்களை நீர் தொட்டே தேய்க்கிறோம். இயந்திரத்தை நிறுத்தி, விசையை அணைத்த பிறகே ஈரத்துணியால் துடைக்கிறோம். உடையிலுள்ள தூளைக் காற்றுக்குழாயால் ஊதித் தள்ள யாரையும் அனுமதிப்பதில்லை.

அந்தப் பெண் இப்போது அரக்கு வேலை மட்டும் செய்கிறார். எபாக்சி கலக்கும் நாள்களில் பட்டறைக்கு வருவதில்லை. வந்தால் ஒரு மணி நேரத்தில் இமை அரிக்கத் தொடங்கிவிடும். வார்த்த ஒவ்வொரு கட்டையிலும் தேதி எழுதிய சீட்டு ஒட்டப்படுகிறது. ஏழு நாள் நிறையாதது சக்கில் ஏறுவதில்லை, ஆர்டர் யாருடையதாயினும் சரி.

வாங்குபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். "நச்சற்றது" என்று ரெசின் டப்பாவில் அச்சிட்டிருந்தால், அது முழுமையாக முதிர்ந்த பிறகான நிலையையே குறிக்கும். 2.6 அளவு வளையல் நாள் முழுவதும் வியர்வையோடு மணிக்கட்டில் உரசும். தொங்கட்டானின் கொக்கி காதுத் துளைக்குள்ளேயே இருக்கும் என்பதால் அதில் ஒவ்வாமை தரும் நிக்கல் கலந்துள்ளதா என்றும் கேட்க வேண்டும். புதிதாக வாங்கிய நகையை மூடிய டப்பாவில் ஓரிரவு வைத்து, காலையில் திறந்தவுடன் முகர்ந்து பாருங்கள். காரமான ரசாயன நெடி அடித்தால் அதை அணியாமல் செய்தவரிடமே எடுத்துச் சென்று, எந்தத் தேதியில் வார்த்தது என்று கேளுங்கள்.