ஐரிஸை இறுக்குவதற்கு முன் கண்ணைக் காட்டுங்கள்

துப்பாக்கி சுடும் விளையாட்டில் இருப்பவர்கள், அதுவும் ரைஃபிள்காரர்கள், கண் பரிசோதனைக்கு வந்தால் பெரும்பாலும் ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள். "குறி மங்கலா இருக்கு, ரியர் சைட் ஐரிஸை இறுக்கினா தெளிவாயிடுது, ஆனா இருட்டாயிடுது." ரியர் சைட் என்பது ரைஃபிளில் கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் குறிபார்க்கும் துளை, அந்தத் துளையைப் பெரிதாக்கிச் சிறிதாக்கும் அமைப்புதான் ஐரிஸ். இதைக் கேட்டாலே எனக்குப் பாதி விஷயம் புரிந்துவிடும். கண்ணாடிக்குப் பவர் பார்க்கும்போது நாங்களும் இதையேதான் செய்கிறோம்: சின்னத் துளை போட்ட கறுப்பு மறைப்பைக் கண்ணுக்கு முன் வைத்து, சார்ட்டைப் படிக்கச் சொல்வோம். துளை வழியாகக் கூடுதலாக ஓரிரண்டு வரி படிக்க முடிந்தால், அநேகமாகக் கண்ணில் திருத்தப்படாத பவர் இருக்கிறது என்று அர்த்தம். ஐரிஸை இறுக்கி இறுக்கிச் சுடுபவர் தினமும் தனக்குத் தானே இந்தப் பரிசோதனையைச் செய்துகொண்டுதான் இருக்கிறார், முடிவை மட்டும் யாரும் படித்துச் சொல்வதில்லை.

துளை சிறிதானால் ஏன் தெளிவு கூடுகிறது? குழல் முனையில் இருக்கும் ஃப்ரண்ட் சைட் கண்ணிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் தள்ளி இருக்கிறது, டார்கெட் பத்து மீட்டரிலோ ஐம்பது மீட்டரிலோ. இரண்டையும் கண் ஒரே நேரத்தில் ஃபோகஸ் செய்ய முடியாது. துளை சிறிதாக ஆக, ஃபோகஸ் தவறியதால் வரும் மங்கலும் சிறிதாகிறது, அதனால் இரண்டுமே ஓரளவு தெளிவாகத் தெரிகின்றன. அப்படியானால் இறுக்கிக்கொண்டே போகலாமே என்று தோன்றும். முடியாது, ஏனென்றால் துளை சிறுக்கச் சிறுக்க ஒளியின் விளிம்பு விளைவு (துளையின் ஓரத்தில் ஒளி வளைந்து பரவுவது, டிஃப்ராக்ஷன்) பெரிதாகி, அது தன் பங்குக்கு வேறொரு மங்கலைக் கொண்டுவரும்.

கணக்காகவே பார்க்கலாம். 1.2 மி.மீ. துளையில் விளிம்பு விளைவால் வரும் மங்கல், 10 மீட்டர் டார்கெட்டின் மேல் அளந்தால், ஒரு புள்ளியைச் சுற்றி 5 முதல் 6 மி.மீ. வரை பரவும். 0.8 மி.மீ. துளையில் அது 8 மி.மீ.க்கு மேல். 0.5க்கு இறுக்கினால் 13 மி.மீ.யைத் தாண்டிவிடும். டார்கெட்டின் கறுப்பு வட்டமே 30.5 மி.மீ.தான். வெளிச்சம் குறைவது தனிக்கதை: அது துளையின் பரப்பைப் பொறுத்தது, அதனால் 1.4லிருந்து 1.0க்கு வந்தாலே பாதி வெளிச்சம் போய்விடும்.

ஒரு கேள்வி எழலாம். பத்துப் புள்ளிக்கான வட்டம் வெறும் 0.5 மி.மீ., இத்தனை மங்கலை வைத்துக்கொண்டு எப்படி அடிக்கிறார்கள்? கண் இங்கே விளிம்பைப் பார்ப்பதில்லை, சமச்சீரைப் பார்க்கிறது. ஃப்ரண்ட் ரிங்குக்கும் (ஃப்ரண்ட் சைட்டுக்குள் மாட்டும் வளையம்) கறுப்பு வட்டத்துக்கும் நடுவே இருக்கும் வெள்ளை வளையம் சுற்றிலும் ஒரே தடிமனாக இருக்கிறதா என்று கண்டுபிடிப்பதில் நம் கண் கெட்டி. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி மங்கினால் பெரிய பாதகமில்லை. ஒரு பக்கமாக இழுபட்டு மங்கினால்தான் வம்பு. சிலிண்டர் பவர் (ஒரு திசையில் மட்டும் கூடுதலாகத் தேவைப்படும் திருத்தம்) உள்ளவர்களுக்கு இதுதான் நடக்கிறது: ரிங்கின் ஒரு திசைக் கோடு தடித்தும் மற்றத் திசைக் கோடு மெலிந்தும் தெரியும், கறுப்பு வட்டம் லேசாக முட்டை வடிவம் எடுக்கும். இதற்கு ஐரிஸை இறுக்குவது மருந்தல்ல.

இனி ஃப்ரண்ட் ரிங். இதை ரியர் சைட் துளையிலிருந்து பிரித்துத் தேர்ந்தெடுப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தப்பு. ரிங் கண்ணிலிருந்து 90 செ.மீ. தூரத்தில் இருந்தால், 10 மீட்டர் டார்கெட்டின் கறுப்பு அந்த இடத்தில் ஏறத்தாழ 2.75 மி.மீ. அகலமாகத் தெரியும். 3.4 மி.மீ. ரிங் போட்டால் ஒவ்வொரு பக்கமும் மிஞ்சும் வெள்ளை 0.3 மி.மீ. சொச்சம். டார்கெட்டில் அது 3.6 மி.மீ.தான். மேலே சொன்ன 5, 6 மி.மீ. மங்கலோடு ஒப்பிட்டுப் பாருங்கள், வெள்ளை இருக்கவே வழியில்லை. ரிங்கும் கறுப்பும் ஒன்றோடொன்று ஒட்டிச் சாம்பல் நிறமாகத் துடிக்கும், சுடுபவர் அதைத் தெளிவாக்க முயன்று பிடித்துக்கொண்டே இருப்பார், கண் காய்ந்து இன்னும் மங்கும். 4.0 மி.மீ. ரிங்கில் அந்த இடைவெளி டார்கெட்டில் 7 மி.மீ. அளவுக்கு வந்துவிடும். ரியர் துளையை 0.8க்கு இறுக்கினாலோ இந்த 4.0கூட நெருக்கடிதான். சின்ன ரிங் போட்டால் துல்லியம் கூடும் என்று யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை, இன்றும் இளையவர்கள் அதைச் சொல்லிக்கொண்டு வருகிறார்கள். 50 மீட்டர் டார்கெட்டின் கறுப்பு 112.4 மி.மீ. என்றாலும் கண்ணுக்கு 10 மீட்டர் கறுப்பைவிடச் சிறிதாகத்தான் தெரியும், அதனால் அதே ரிங்கை இரண்டுக்கும் மாட்ட வேண்டாம்.

சரி, எப்படித் தேர்ந்தெடுப்பது? முதலில் தூரப் பார்வைக்கான பவரைச் சரியாகப் போடச் சொல்லுங்கள், சிலிண்டர் உட்பட. வெள்ளெழுத்து வந்தவர்களுக்கு அதோடு கூட்டல் 0.50 சேர்த்தால் ஃப்ரண்ட் ரிங்குக்கும் டார்கெட்டுக்கும் நடுவே ஃபோகஸ் விழும், பெரும்பாலானவர்களுக்கு அது போதும். ப்ரோக்ரெசிவ் கண்ணாடி, பைஃபோகல் இரண்டும் சைட்டுக்குப் பின்னால் உதவாது. ஒரு சின்ன விஷயம்: கன்னத்தை ரைஃபிள் கட்டையில் வைத்ததும் தலை சாய்கிறது, சாதாரண ஃப்ரேமில் லென்ஸின் மூக்கோர மேல் மூலை வழியாகத்தான் பார்ப்பீர்கள். சிலிண்டர் அச்சும் அதனால் திரும்பிவிடும். சுடுவதற்கான தனி ஃப்ரேம் இருந்தால் பொசிஷனில் நின்றபடியே லென்ஸைப் பார்வைக்கு நேராக வைத்து அச்சைச் சரிசெய்யலாம்.

அப்புறம்தான் ஐரிஸ். நன்றாகத் திறந்து வைத்து மெல்ல இறுக்குங்கள். கறுப்பு வட்டத்தின் ஓரம் படிந்து நிற்கும் இடத்தில் நிறுத்தி, ஒரு பொட்டுத் திரும்பத் திறந்துவிடுங்கள். பலருக்கு அது 1.0க்கும் 1.3க்கும் நடுவே வரும். வெளிச்சம் மங்கினால் திறப்பது தப்பில்லை, ஆனால் ஐரிஸ் மையம் விலகியிருந்தால் குண்டு விழும் இடமும் நகரலாம், அதனால் மாற்றிய பிறகு சைட்டர் (கணக்கில் சேராத சோதனைக் குண்டு) சுட்டுப் பாருங்கள். மற்றக் கண்ணை இறுக்கி மூடாதீர்கள், மூடினால் சுடும் கண்ணின் பாவையும் விரிந்து முகத் தசையும் இழுக்கும். அதற்கு முன்னால் வெளிச்சத்தை விடும் பால்வெள்ளை மறைப்பு வைப்பது நல்லது, கறுப்பு வேண்டாம்.

எல்லாம் செய்தும் துளை வழியே நூல் நூலாகவோ புள்ளியாகவோ நிழல் மிதந்தால் சைட்டைக் குறை சொல்லாதீர்கள். கண்ணுக்குள் இருக்கும் மிதவைகளும் ஆரம்பக் கண்புரையும் சின்னத் துளையில்தான் எடுப்பாகத் தெரியும். திடீரென்று நிறையப் புள்ளிகள், மின்னல் வெட்டுவதுபோல் வெளிச்சம், ஒரு ஓரத்தில் திரை இறங்கியதுபோல் இருட்டு என்று வந்தால் அன்றைய பயிற்சியை விட்டுவிட்டு அன்றே விழித்திரையைப் பரிசோதிக்கப் போங்கள்.