மாரடைப்பு அன்று, இதய நிறுத்தம்

'மாரடைப்பால் காலமானார்' என்று படித்ததும் நம் மனத்தில் எழும் காட்சி ஒன்றுதான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, வியர்த்து விறுவிறுத்து, வலியால் துவளும் ஒருவர். ஆனால் அப்படி எழுதப்படும் மரணங்களில் பலவற்றில் அந்த மனிதர் வலிக்கிறது என்று சொல்லக்கூட நேரமில்லாமல், பேசிக்கொண்டிருந்தபடியே சரிந்திருப்பார். மருத்துவர் அதைக் 'கார்டியாக் அரெஸ்ட்', அதாவது இதயம் திடீரென்று நின்றுபோவது, என்று சொல்லியிருப்பார். அச்சுக்கு வரும்போது அது மாரடைப்பாகிவிடுகிறது. இந்த மாற்றத்தைச் சிறிய பிழை என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. எதிரில் ஒருவர் சரியும்போது நாம் என்ன செய்வோம் என்பதை, அதுவரை நாம் கேட்டுப் பழகிய சொல்லே பெரும்பாலும் முடிவு செய்கிறது.

கார்டியாக் அரெஸ்டுக்குத் தமிழில் எது சரியான பெயர்? முதலில் மூலச்சொல். 'கார்டியாக்' என்பது இதயத்தைக் குறிக்கும் 'கார்டியா' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. நாம் வழங்கும் 'இதயம்' வடமொழி 'ஹ்ருதயம்' என்பதன் தமிழ் வடிவம். மொழியியலாளர்கள் கார்டியாவையும் ஹ்ருதயத்தையும் ஒரே மூதாதைச் சொல்லின் வழியில் வந்தவையாகவே பார்க்கிறார்கள். ஆகவே கார்டியாக் போய் 'இதய' வரும்போது, தூரத்து உறவுதான் வந்து உட்காருகிறது. நமக்கே உரிய 'நெஞ்சு' இருக்கிறதே என்று கேட்கலாம். அது மார்பையும் குறிக்கும், மனத்தையும் குறிக்கும். சங்கப் பாடல்களில் தலைவனும் தலைவியும் தம் நெஞ்சோடு பேசிக்கொண்டே இருப்பார்கள். உறுப்பை மட்டும் சுட்ட ஒரு சொல் வேண்டுமென்றால் இதயம்தான் தெளிவு.

'அரெஸ்ட்' என்றதும் நமக்குக் காவல் துறை நினைவுக்கு வருகிறது. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'இதயக் கைது' என்றாகும். ஆனால் அந்தச் சொல்லின் அடிப்படை கைது அன்று. லத்தீன் மொழியின், 'நில்' என்று பொருள்படும் வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது அது. ஓடிக்கொண்டிருப்பதை நிற்கச் செய்வதே அதன் பழைய பொருள். ஆளைப் பிடித்து நிறுத்துவது அதன் ஒரு கிளை. தமிழிலும் 'நில்' இப்படித்தான். நிமிர்ந்து நிற்பதும் நிற்பதுதான், பெய்த மழை ஓய்வதும் நிற்பதுதான். இதைவிடப் பொருத்தமான வேர் இந்தச் சொல்லுக்குக் கிடைக்காது.

இனி மாரடைப்பு. மார், அடைப்பு என்ற இரண்டும் சேர்ந்த அழகான சொல். நோயாளிக்கு மார்பு அடைப்பதுபோல் இருக்கிறது. மருத்துவர் பார்த்தால் இதயத் தசைக்கு ரத்தம் தரும் குழாய் அடைபட்டிருக்கிறது. உணர்வையும் காரணத்தையும் ஒரே சொல் சொல்லிவிடுகிறது. 'ஹார்ட் அட்டாக்' என்ற ஆங்கிலப் பெயரில் இருப்பது வெறும் தாக்குதல்தான். நம் சொல்லே மேலானது. அதை அதற்குரிய இடத்தில் வைக்க வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. மாரடைப்பு வந்தவருக்குப் பெரும்பாலும் நினைவு இருக்கும், நாடி இருக்கும், இதயம் துடித்துக்கொண்டிருக்கும். ரத்தம் கிடைக்காத தசைப்பகுதி மட்டும் நேரம் செல்லச் செல்ல மடிந்துகொண்டிருக்கும். அவரை ஒரு நொடியும் வீணாக்காமல் மருத்துவமனையில் சேர்க்க வேண்டும்.

கார்டியாக் அரெஸ்ட் வேறு. மாரடைப்பு குழாயில் நேரும் சிக்கல் என்றால், இது பெரும்பாலும் மின்னோட்டத்தில் நேரும் சிக்கல். இதயத்தின் ஒவ்வொரு துடிப்பையும் ஒரு சிறு மின்தூண்டல் தொடங்கிவைக்கிறது. அந்த ஒழுங்கு குலைந்தால் கீழறைகள் சுருங்கி விரிவதை விட்டுவிட்டு வெறுமனே நடுங்கத் தொடங்கும். சில சமயம் நடுக்கமும் இன்றி அடங்கிவிடும். இரண்டிலும் ரத்தம் வெளியே போகாது. சில நொடிகளில் நினைவு தப்பும். நான்கைந்து நிமிடங்களில் மூளை சிதையத் தொடங்கும். நடுக்க நிலையில் இருக்கும் இதயத்துக்கு உதவி கிடைக்காவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு வரை குறைகிறது. இவரை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவது போதாது. விழுந்த இடத்திலேயே, அருகில் இருப்பவரே மார்பை அழுத்தத் தொடங்கியாக வேண்டும்.

மாரடைப்பு முற்றி இதயம் நின்றுவிடுவது உண்டு. குழப்பத்துக்கு அதுவே காரணமும் ஆகிறது. ஆனால் பெரும்பாலான மாரடைப்புகளில் இதயம் நிற்பதில்லை. மாரடைப்பே இல்லாமலும் இதயம் நின்றுபோகலாம். தடித்துப்போன இதயத் தசை, பிறவியிலேயே மின்னோட்டத்தில் உள்ள கோளாறு, ரத்தத்தில் பொட்டாசியம் மிகுவது அல்லது குறைவது, நீரில் மூழ்குதல், மின்சாரம் தாக்குதல் என்று காரணங்கள் பல.

இதற்குத் தமிழில் மூன்று பெயர்கள் போட்டியிடுகின்றன. 'இதயச் செயலிழப்பு' என்பதை முதலில் விலக்கிவிடலாம். அது 'ஹார்ட் ஃபெயிலியர்' என்பதற்கு நிலைத்துவிட்டது. இதயத்தின் இறைக்கும் வலு குறைந்து, மூச்சு வாங்கி, கால் வீங்கி, மருந்தோடு பல ஆண்டுகள் வாழக்கூடிய நிலை அது. (அதற்கே 'செயலிழப்பு' கடுமையான சொல்தான். 'இதயத் தளர்ச்சி' என்றால் நோயாளி இவ்வளவு அஞ்சமாட்டார்.)

'இதய முடக்கம்' என்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. நடுங்கிக்கொண்டிருக்கும் இதயத்தை நின்றது என்று எப்படிச் சொல்வது? முடங்கியது என்றால் இரு நிலைகளுக்கும் பொருந்தும். ஆயினும் முடக்கம் என்பது நெடுநாள் படுத்திருப்பதை நினைவூட்டுகிறது. நொடியில் நிகழ்வதன் வேகம் அதில் இல்லை.

எஞ்சுவது 'இதய நிறுத்தம்'. இதற்கு இலக்கணம் அறிந்தவர்கள் ஒரு தடை சொல்லக்கூடும். நிற்பது தன்வினை, நிறுத்துவது பிறவினை. இதயம் தானாக நிற்கும்போது நிறுத்தம் என்பது சரியா? கூர்மையான கேள்வி. திறந்த இதய அறுவையில் பொட்டாசியம் கலந்த கரைசலைச் செலுத்தி மருத்துவர்கள் வேண்டுமென்றே இதயத்தை ஓய வைப்பார்கள். கறாராகப் பார்த்தால் அதுதான் இதய நிறுத்தம். இருந்தாலும் நான் இந்தச் சொல்லின் பக்கமே நிற்கிறேன். பஸ் நிறுத்தம், போர் நிறுத்தம், வேலைநிறுத்தம் என்று நாம் நிறுத்தம் சேர்த்துச் சொல்வதையெல்லாம் பாருங்கள். எதுவும் முடிவு அன்று. மீண்டும் தொடங்கக்கூடியதைத்தான் நிறுத்தம் என்கிறோம். இதய நிறுத்தத்தைப் பற்றி மக்கள் அறிய வேண்டிய முதல் உண்மையும் அதுவே.

2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகனில் பின்லாந்துக்கு எதிரான ஐரோப்பியக் கோப்பை ஆட்டத்தில் டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன், யாரும் மோதாமலே புல்தரையில் விழுந்தார். இதயம் நின்றுவிட்டது. மைதானத்திலேயே மார்பை அழுத்தினார்கள், மின்னதிர்ச்சி கொடுத்தார்கள், மீண்டார். தேவைப்படும்போது இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் டிஃபிப்ரிலேட்டர் கருவியை உடலுக்குள் பொருத்திக்கொண்டு 2022 பிப்ரவரியில் மறுபடி ஆடவும் வந்தார். 2024 ஐரோப்பியக் கோப்பையில் தன் நாட்டுக்காக கோலும் அடித்தார்.

அவருக்குச் செய்த உதவியின் வரலாறு நீளமானதன்று. 1947இல் அமெரிக்க அறுவை மருத்துவர் கிளாட் பெக், அறுவையின்போது நின்றுபோன 14 வயதுச் சிறுவனின் இதயத்தைக் கையால் பிசைந்துகொண்டிருந்து, பின் மின்னதிர்ச்சியால் மீட்டார். அதற்கு மார்பைத் திறந்தாக வேண்டியிருந்தது. 1960இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் கௌவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் மூவரும் திறக்காமலே மார்பை அழுத்தி ரத்தத்தை ஓடச் செய்யலாம் என்று எழுதினார்கள். அன்றுமுதல் அது அறுவைக்கூடத்தை விட்டு எல்லாருடைய கைக்கும் வந்துவிட்டது. மார்பின் நடுவில், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, பெரியவர்களுக்கு 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம். சிபிஆர் என்ற இந்த உயிர்மீட்பு முதலுதவியில் பயிற்சியில்லாதவர் செய்ய வேண்டியது இவ்வளவே.

யாருக்கு அபாயம் அதிகம்? முன்பு மாரடைப்பு வந்தவர்கள், இதயத்தின் இறைக்கும் அளவு (ஒவ்வொரு துடிப்பிலும் இடது கீழறை தன்னிடமுள்ள ரத்தத்தில் வெளியேற்றும் பங்கு) 35 விழுக்காடோ அதற்குக் கீழோ உள்ளவர்கள், குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் கண்டவர்கள். ஓடும்போதோ விளையாடும்போதோ காரணமின்றி மயங்கி விழும் இளையவர்களை 'வெயில்தான்', 'சாப்பிடவில்லை' என்று விட்டுவிடாமல் ஈசிஜி எடுத்துப் பார்க்க வேண்டும்.

இன்னொரு சொல்லும் இங்கே வழிமறிக்கிறது: மூச்சு. இதயம் நின்றவர் முதல் சில நிமிடங்களில் வாயைத் திறந்து இழுத்து இழுத்து மூச்சு வாங்குவதுபோல் இருக்கும். சிலர் குறட்டை என்று நினைப்பார்கள். 'மூச்சு இருக்கிறது' என்று சொல்லிச் சுற்றி நிற்பார்கள். அது மூச்சு அன்று. மூளைத்தண்டின் கடைசித் துடிப்பு. ஆகவே அவசர உதவிக்குத் தொலைபேசியில் அழைக்கும்போது 'மாரடைப்பு வந்துவிட்டது' என்று சொல்லாதீர்கள். 'தட்டினாலும் கூப்பிட்டாலும் விழிக்கவில்லை, மூச்சு சரியாக இல்லை' என்று சொல்லுங்கள். மறுமுனையில் பயிற்சி பெற்றவர் இருந்தால், அந்த இரண்டு செய்திகளைக் கேட்ட உடனே கையை மார்பில் வைத்து அழுத்தச் சொல்வார்.