நடுவே ஒரு சாண் தண்ணீர்

ஒரு பூதக்கண்ணாடியை எடுத்து வாளித் தண்ணீருக்குள் முக்கி, அடியில் கிடக்கும் நாணயத்தை அதன் வழியே பாருங்கள். வெளியே எழுத்தையெல்லாம் ஊதிப் பெரிதாக்கிய கண்ணாடி, உள்ளே போனதும் மந்தமாகிவிடும். ஒளி எவ்வளவு வளையும் என்பதை, இரு பொருள்களின் ஒளிவிலகல் எண்களுக்கு இடையே உள்ள வித்தியாசம்தான் தீர்மானிக்கிறது. காற்றுக்கு 1, கண்ணாடிக்கு ஏறக்குறைய 1.5, தண்ணீருக்கு 1.33. காற்றில் 0.5 ஆக இருந்த வித்தியாசம் தண்ணீரில் 0.17 ஆகச் சுருங்குவதால், லென்ஸின் சக்தியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விடுகிறது. முகமூடி இல்லாமல் தண்ணீருக்குள் கண்ணைத் திறந்தால் எல்லாம் மங்கலாகத் தெரிவதற்கும் இதேதான் காரணம்.

அதனால்தான் கடலுக்குள் சிற்றுயிர்களைப் படம் எடுப்பவர்கள் கேமராவை லென்ஸோடு காற்றுக்குள்ளேயே உட்காரவைத்து, ஹவுசிங் என்ற பெட்டிக்குள் பூட்டிக் கொண்டுபோகிறார்கள். லென்ஸுக்கு முன்னால் இருக்கும் கண்ணாடிச் சன்னல்தான் போர்ட். அகலக் காட்சிக்குக் கவிகை போன்ற டோம் போர்ட் வேண்டும். மேக்ரோவுக்கு, அதாவது சிறியவற்றை மிக அருகிலிருந்து பெரிதாக எடுப்பதற்கு, தட்டையான போர்ட்டே சரி. தட்டைக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் தண்ணீரில் இருக்கும் பொருள் கால் பங்கு கிட்டே வந்தது போலத் தெரியும். ‘தண்ணீருக்குள் மேக்ரோ லென்ஸ் இன்னும் பெரிதாக்கும்’ என்று பலர் சொல்வது இதை வைத்துத்தான். அது பாதி உண்மை. லென்ஸின் உச்ச உருப்பெருக்கம் 1:1 (படம் பதியும் சென்சாரில் பொருள் அதன் நிஜ அளவிலேயே விழுவது) என்றால் தண்ணீருக்குள்ளும் அது 1:1தான். கூடுவது இடைவெளி. போர்ட்டிலிருந்து 9 செ.மீ. தொலைவில் ஃபோகஸ் ஆக வேண்டியது 12 செ.மீ. தள்ளியே ஆகிவிடும்.

இந்த இடைவெளிதான் எல்லாம். தண்ணீர் சிவப்பு நிறத்தை முதலில் விழுங்கும். மிதக்கும் தூசி ஒவ்வொன்றும் ஒளியைச் சிதறடிக்கும். ஆக, நடுவே தண்ணீர் குறையக் குறையப் படம் தெளியும். ஆனால் ரொம்பவும் நெருங்கினால் இறால் பொந்துக்குள் போய்விடும், ஸ்ட்ரோப் என்ற ஃபிளாஷ் விளக்கின் ஒளி நுழையவும் வழியிருக்காது. எந்த லென்ஸ் என்ற கேள்வி உண்மையில் இந்தப் பேரம்தான்.

60 மி.மீ. மேக்ரோ லென்ஸ் 1:1 அளவில் எடுக்க வேண்டுமானால் முகப்புக்கும் உயிருக்கும் நடுவே சில விரற்கடைதான் மிஞ்சும். 100 மி.மீ. லென்ஸின் குறைந்தபட்ச ஃபோகஸ் தூரம் 30 செ.மீ. அளவில் இருக்கும். ஆனால் அது சென்சாரிலிருந்து அளப்பது. முகப்பிலிருந்து பார்த்தால் ஏறத்தாழ பாதி. போர்ட் தேவைக்கு மேல் நீளமாக இருந்தால் அந்தப் பாதியிலும் கொஞ்சம் வெறுங்காற்றுக்கே போய்விடும். ஆகவே போர்ட்டை லென்ஸோடு பொருத்திப் பார்த்தே வாங்குங்கள். முழு அளவு சென்சாருக்கு ஒன்றே ஒன்று என்றால் நான் 100-ஐத்தான் சொல்வேன். கலங்கிய தண்ணீரிலும் சிறிய சென்சாரிலும் 60 சிறந்தது. கையளவு மீனையும் முழுதாகப் பிடிக்கும்.

1:1 என்றால் 36 மி.மீ. அகலமுள்ள காட்சி முழு அளவு சென்சாரை நிரப்பும். 1969-இல் பசிபிக் தீவான நியூ கலிடோனியாவில் ஆராய்ச்சியாளர் ஜார்ஜ் பார்ஜிபாண்ட் கடல் விசிறி என்ற விசிறி வடிவப் பவளம் ஒன்றை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, அதிலேயே ஒட்டிக்கொண்டிருந்த ஒரு குட்டிக் கடல்குதிரை தற்செயலாகக் கண்ணில் பட்டது. அந்த இனம் இன்று அவர் பெயரையே தாங்குகிறது. உயரம் 2 செ.மீ.தான், 1:1-இல் படச் சட்டத்துக்குள் தாராளமாக அடங்கும். அதன் கண் மட்டும் வேண்டுமென்றால் போர்ட்டுக்கு வெளியே திருகி மாட்டும் வெட் லென்ஸ் தேவை. லென்ஸின் சக்தியை அளக்கும் அலகு டயாப்டர்; +10 டயாப்டர் என்றால் குவியத்தூரம் 10 செ.மீ. வாளியில் மந்தமான பூதக்கண்ணாடியின் கதி இதற்கு நேராமல் இருக்க, உள்ளே காற்றை அடைத்து, வளைந்த முகங்களை அந்தக் காற்றின் பக்கம் திருப்பியிருப்பார்கள். மாட்டியதும் போர்ட்டுக்கும் இதற்கும் நடுவே தண்ணீர் நிரம்ப வேண்டும். எனக்கு ஒருமுறை அங்கே ஒரு குமிழி மாட்டிக்கொண்டது. அன்றைய படங்களிலெல்லாம் நடுவில் ஒரு வெள்ளைப் புகை. அப்புறம்தான், தண்ணீருக்குள் இறங்கியதும் அதைக் கழற்றி ஒரு தடவை உதறி மாட்டும் பழக்கம் வந்தது.

அடுத்த தலைவலி ஆழப்புலம், அதாவது முன்னும் பின்னுமாகக் கூர்மையாகத் தெரியும் ஆழம். 1:1-இல், லென்ஸின் துளையை எஃப் 16 அளவுக்குச் சுருக்கி வைத்தாலும் கூர்மையாக விழுவது சுமார் 2 மி.மீ. மட்டுமே. துளையை இன்னும் சுருக்கலாமே என்றால், இந்த நெருக்கத்தில் எஃப் 16 ஏற்கெனவே எஃப் 32 போல நடந்துகொள்கிறது. அதற்குமேல் விளிம்பு விலகல் (சிறு துளையின் ஓரத்தில் ஒளி வளைந்து பரவுவது) படத்தையே மழுக்கிவிடும். அந்த 2 மி.மீ.யை மீனென்றால் கண்ணிலும், ஓடில்லாக் கடல் நத்தையென்றால் தலைக் கொம்புகளிலும் செலவழியுங்கள். ஃபோகஸைப் பூட்டிவிட்டு, உடம்பையே முன்னும் பின்னும் மெல்ல அசைத்து, கொம்பின் நுனி பளிச்சென்று தெரியும் கணத்தில் அழுத்துவதுதான் வேலைக்காகும். அசையாமல் இருக்க மூச்சைப் பிடிக்க வேண்டாம். சிலிண்டர் காற்றில் மூழ்குபவர் மூச்சை அடக்கிக்கொண்டு மேலெழும்பினால் நுரையீரல் கிழியலாம்.

எஃப் 16, 1/200 நொடி, ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்திறன்) 100 வைத்தால் சூரிய ஒளி ஏறக்குறைய பதிவே ஆகாது. படம் முழுக்க ஸ்ட்ரோப்பின் கையில். பின்னணி கறுத்துப் போகும். ஒளி பயணிக்கும் தூரம் குறைவு என்பதால் ஆழத்தில் தொலைந்த சிவப்பும் திரும்பி வரும். இரண்டு ஸ்ட்ரோப்களையும் போர்ட்டுக்கு இருபுறமும் நெருக்கி, கொஞ்சம் வெளிப்பக்கம் திருப்பி வையுங்கள். ஒளிக்கற்றையின் ஓரம் மட்டும் உயிரின்மேல் பட்டால், நடுவிலுள்ள தூசிகள் இருட்டிலேயே நின்றுவிடும்.