தண்ணி பளிங்கு மாதிரி இருக்கே அண்ணா!

போன திங்கட்கிழமை காலை ஆறரைக்கு வெள்ளவத்தையிலிருந்து ஓர் அழைப்பு. "அண்ணா, மீனெல்லாம் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடுது." போய்ப் பார்த்தால் 3 அடிக் கடல்மீன் தொட்டி. வியாழன் தண்ணீர் நிரப்பி, சனிக்கிழமை மகளின் பிறந்தநாளுக்கு 7 மீன் விட்டிருக்கிறார்கள்: 2 நீமோ, 4 டாம்சல், 1 பவுடர் புளூ. பவுடர் புளூ ஏற்கெனவே ஃபில்டர் வாயில் ஒட்டிக் கிடந்தது. மீன் கழிவில் வரும் நஞ்சு அமோனியா. அதைப் பார்க்கும் குழாயில் சொட்டு விட்டேன். மஞ்சளாக நிற்க வேண்டியது கரும்பச்சையானது. பச்சை கூடினால் அமோனியா கூட.

இந்த மாதத்தில் இது நான்காவது வீடு.

"தண்ணி பளிங்கு மாதிரி இருக்கே அண்ணா. அதுவும் கடல் தண்ணியேதான் ஊத்தினம்." இந்தக் கதையைக் கேட்டாலே எனக்குப் பொறுமை போய்விடும். கடல் மீனுக்குக் கடல் தண்ணீர், அது அதன் ஊர்த் தண்ணீர்தானே என்ற கணக்கு. மீன் கழிக்கும் அமோனியாவைத் தின்று தீர்க்கும் பக்டீரியா தண்ணீரில் மிதந்து திரிவது மிகக் கொஞ்சம். கல்லிலும் மணலிலும் ஃபில்டர் பஞ்சிலும் ஒட்டித்தான் அது பெருகும். எத்தனை கான் அள்ளி வந்து ஊற்றினாலும், கல்லும் மணலும் புதிது என்றால் தொட்டி புதிதுதான். அமோனியாவுக்கு நிறமும் கிடையாது. பளிங்குத் தண்ணீரிலேயே மீன் சாகும். உப்புத் தண்ணீரின் பிஎச், அதாவது காரத்தன்மை அளவு, 8.2 பக்கம் நிற்பதால் அமோனியாவின் நஞ்சு கூடும். நன்னீர்க் கப்பி மீன் தாங்கும் அளவு அமோனியா இங்கே கொல்லும். அள்ளிய இடமோ, வெள்ளவத்தைக் கால்வாய் கடலில் விழும் வாய்க்குப் பக்கத்தில். அதைப் பற்றி நான் வேறு சொல்ல வேண்டுமா?

மீனே இல்லாமல் தொடங்குங்கள். ஓர் இறாலைப் பழைய காலுறையில் கட்டித் தொட்டிக்குள் போடுங்கள். அது அழுகி அமோனியா விடும், அதைத் தின்று பக்டீரியா பெருகும். அமோனியா ஏறி இறங்கும், அப்புறம் அமோனியாவைத் தின்ற பக்டீரியா விடும் நைத்திரைற்று என்ற நஞ்சும் ஏறி இறங்கும். இரண்டும் பூச்சியத்தில் நின்றால்தான் மீன். பொதுவாக 4 முதல் 6 வாரம் எடுக்கும். ஆனால் கலண்டரை நம்பாமல் டெஸ்ட் கிட்டை நம்புங்கள். கிட் வாங்கக் காசில்லை என்பவர் பவுடர் புளூவுக்கு எப்படிக் காசு கொடுத்தார் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

முதலில் ஒரு சோடி நீமோ போதும். 2, 3 வாரம் பொறுத்து, அளந்து பார்த்து, அடுத்தது. டாம்சல் சின்ன மீன்தானே என்று முதலில் விடாதீர்கள். இடம் பிடித்துக்கொண்டு பின்னால் வருவதையெல்லாம் கடித்து விரட்டும். பவுடர் புளூ 3 அடித் தொட்டிக்கான மீனே அல்ல. வெள்ளைப் புள்ளி நோய் முதலில் பிடிப்பதும் அதைத்தான். கடையில் இதைச் சொல்லமாட்டார்கள். நானும் மீன் விற்பவன்தான், செத்தால் இன்னொன்று விற்கலாம் என்ற கணக்கும் எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்த மீனை முடிந்தால் ஒரு மாதம் தனித்தொட்டியில் வையுங்கள். விடும்போது விளக்கை அணைத்து, பையை 15 நிமிடம் மிதக்க விட்டு, பைத் தண்ணீரின் உப்பையும் அளந்து பாருங்கள். உப்பைக் காட்டும் அடர்த்தி எண் தொட்டியில் 1.025, பையில் 1.020 என்றால் அப்படியே தூக்கிப் போடக் கூடாது. பைத் தண்ணீரைத் தொட்டிக்குள் ஊற்றவே வேண்டாம், தயவுசெய்து.

வெள்ளவத்தைத் தொட்டியில் மிஞ்சிய 2 நீமோவையும் என் கடைக்குக் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். அங்கே இப்போது காலுறையும் இறாலும்தான். பிள்ளை தினமும் குழாயைப் படம் பிடித்து அனுப்புகிறாள். நேற்றும் பச்சைதான், ஆனால் கொஞ்சம் வெளிறிய பச்சை.