விளங்குவது வேறு, விளக்குவது வேறு

பல்லை விளக்குகிறோம், பாத்திரத்தை விளக்குகிறோம், பாடத்தையும் விளக்குகிறோம். மூன்றும் ஒரே வினைதான்: விளங்கச் செய்வது, பளிச்சென்று தெரியவைப்பது. ஆங்கிலத்தின் 'எக்ஸ்பிளெயின்' வேறு வழியாக வந்தது. லத்தீனில் 'பிளானுஸ்' என்றால் சமதளம். 'எக்ஸ்பிளானாரே' என்றால் மேடுபள்ளம் நிரவுவது. அவர்கள் மண்ணைச் சமன் செய்தார்கள், நாம் வெளிச்சம் போட்டோம்.

அந்தச் சொல்லோடு 'ஏபிள்' ஒட்டி 'எக்ஸ்பிளெய்னபிள் ஏஐ' ஆனது: ஏன் இந்த முடிவுக்கு வந்தது என்று காரணம் காட்டக்கூடிய செயற்கை நுண்ணறிவு. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் டார்பா அமைப்பு 2016இல் இந்தப் பெயரில் ஒரு திட்டத்தை அறிவித்த பிறகு, எக்ஸ்ஏஐ என்ற சுருக்கம் எங்கும் பரவியது. தமிழில் 'விளக்கக்கூடிய செயற்கை நுண்ணறிவு' என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் ஒரு நெருடல். யார் யாருக்கு விளக்குவது? 'பாடம் விளக்கக்கூடிய ஆசிரியர்' என்றால் விளக்குபவர் ஆசிரியர்தானே. பிறர் விளக்க இடம்கொடுப்பது என்றால் 'விளக்கத்தக்க'. தானே விளக்கும் திறனுள்ளது என்றால் 'விளக்கவல்ல'.

இதைவிடப் பெரிய குழப்பம் 'இன்டர்பிரட்டபிள்', அதாவது உள்ளே நடப்பது நேராகவே புரிகிற வகை, வரும்போது. அதற்கும் 'விளக்கத்தக்க' என்றே போட்டுவிடுகிறார்கள். நம் இலக்கணத்திலோ இந்த வேறுபாடு தயாராக இருக்கிறது. அடங்கு–அடக்கு, உருகு–உருக்கு போல, விளங்கு தன்வினை, விளக்கு பிறவினை. தானே புரிந்தால் விளங்குவது, இன்னொருவர் புரியவைத்தால் விளக்குவது.

இதயத்துடிப்பைப் பதிவுசெய்யும் இசிஜியை எடுத்துக்கொள்வோம். பான், டாம்ப்கின்ஸ் என்ற ஆய்வாளர்கள் 1985இல் வெளியிட்ட வழிமுறை, அந்த அலையில் ஒவ்வொரு துடிப்பையும் கண்டுபிடிக்கும். வினாடிக்கு ஏறக்குறைய 5 முதல் 15 முறை அதிரும் பகுதியை மட்டும் வடிகட்டி எடு, சரிவைக் கணக்கிடு, வர்க்கப்படுத்து, 150 மில்லிவினாடி அகலத்தில் கூட்டிச் சராசரி பார், வரம்பைத் தாண்டினால் துடிப்பு. இசட்80 என்ற எட்டு பிட் செயலியிலேயே ஓடியது. ஒரு துடிப்பைத் தவறவிட்டால் எந்தப் படியில் தவறியது என்று விரல் வைத்துக் காட்டலாம். இது விளங்குகிறது.

2017இல் ஸ்டான்ஃபோர்ட் குழு ஒன்று 34 அடுக்கு நரம்பியல் வலையை (தரவிலிருந்து தானே கற்கும் கணினி நிரலை)ப் பயிற்றுவித்துத் துடிப்பின் ஒழுங்கின்மைகளை வகைப்படுத்திக் காட்டியது. துடிப்பை எண்ணுவதைவிடப் பல மடங்கு கடினமான வேலை, அதைக் குறைசொல்ல முடியாது. ஆனால் ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டால், வெளியிலிருந்து இன்னொரு முறை வந்து அலையின் இந்த இடத்தைப் பார்த்தது என்று வண்ணம் பூசிக் காட்ட வேண்டும். இது விளக்கப்படுகிறது.

அந்த வண்ணத்தை எவ்வளவு நம்பலாம்? 2018இல் படங்களை வைத்து ஒரு சோதனை நடந்தது. பயிற்சி பெற்ற வலையின் எடைகளை, அதாவது அது கற்றுவைத்த எண்களை, கலைத்துப்போட்டும், சில முறைகள் தந்த விளக்கப்படம் ஏறக்குறைய அப்படியே இருந்தது. மாணவனை மாற்றியும் விடைத்தாள் மாறவில்லை! டியூக் பல்கலைக்கழகத்தின் சிந்தியா ரூடின் 2019இல், தவறினால் பெரும் பாதிப்பு தரும் முடிவுகளில், உள்ளே நடப்பது தெரியாத கறுப்புப் பெட்டிக்கு விளக்கம் தேடுவதை நிறுத்துங்கள், விளங்கும் மாதிரியையே (மாடலையே) கட்டுங்கள் என்று எழுதினார். அவர் வாதத்தைத் தமிழில் சொல்ல ஒரு 'ங்', ஒரு 'க்' போதும்.

சரி, 'விளங்கும் மாதிரி' என்றால் சிரிப்பார்களே என்று கேட்கலாம். 'வெளங்கிரும்' என்பது தமிழ்நாட்டில் வசவு. யாழ்ப்பாணத்திலோ 'விளங்குதா?' என்பதுதான் 'புரிகிறதா?'. அந்த வழக்கைக் கடன் வாங்கிக்கொள்வதில் தவறில்லை.

இரண்டுக்கும் நடுவிலும் சில உண்டு. கிரெகர், லெகுன் என்ற ஆய்வாளர்கள் 2010இல், திரும்பத் திரும்பச் செய்யும் ஒரு பழைய கணக்கீட்டுமுறையைப் பிரித்து, ஒவ்வொரு சுற்றையும் ஓர் அடுக்காக வைத்தார்கள். அடுக்குகளும் குறைவு. ஒவ்வொரு அடுக்கின் வேலையும் தெரியும். உள்ளே இருக்கும் எண்கள் மட்டும் தரவிலிருந்து கற்றவை. நான் இதையும் 'விளங்கும்' பக்கமே வைப்பேன், கொஞ்சம் தயக்கத்தோடு.