சூப்பர்சார்ஜர் தாங்கும், பிஸ்டன் தாங்குமா?

ஸ்போர்ட்ஸ் காருக்கு வெளியில் விற்கும் சூப்பர்சார்ஜர் கிட்டை வாங்கிப் பூட்டினால் எத்தனை வருஷம் உழைக்கும் என்று கேட்டால், பேச்சு பெரும்பாலும் சூப்பர்சார்ஜரையே சுற்றிச் சுற்றி வருகிறது. இந்தக் கம்பெனியின் பேரிங் நல்லது, அந்தக் கம்பெனியின் பம்பு சத்தம் போடும் என்கிறார்கள். உண்மையில் அந்த இயந்திரம் சாதுவானது. எண்ணெயையும் பெல்ட்டையும் கவனித்துக்கொண்டால் லேசில் சாகாது. உடைவது அதற்குக் கீழே இருக்கும் பிஸ்டன். சேலத்து வெயில் அந்தப் பிஸ்டனுக்கு எந்தச் சலுகையும் காட்டுவதில்லை.

ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். பெட்ரோலை எவ்வளவு வேண்டுமானாலும் பீய்ச்சலாம், தட்டுப்பாடெல்லாம் காற்றுக்குத்தான். சாதாரண எஞ்சினில் பிஸ்டன் கீழிறங்கும்போது வெளிக்காற்று தானாக உள்ளே வருகிறது. வளிமண்டல அழுத்தத்தைத் தாண்டி அது வராது. சூப்பர்சார்ஜர் என்பது எஞ்சினின் கிராங்க் தண்டிலிருந்து (பிஸ்டன்கள் சுழற்றும் முக்கியத் தண்டு) பெல்ட் போட்டுச் சுழற்றும் காற்று பம்பு. வெளியழுத்தத்தைப்போல் ஒன்றரை மடங்காகக் காற்றை அழுக்கித் தள்ளினால், அதே சிலிண்டருக்குள் ஒன்றரை மடங்கை நெருங்கிய காற்று போகும். அதற்கேற்பப் பெட்ரோலும் சக்தியும் கூடும். வெளியழுத்தத்துக்கு மேல் பம்பு கூட்டும் அழுத்தத்துக்குப் பூஸ்ட் என்று பெயர். கிட்களில் பரவலாகக் காணப்படும் 7 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) பூஸ்ட் ஏறக்குறைய இந்த அளவுதான்.

பம்புகளில் மூன்று வகை உண்டு. இரண்டு ரோட்டர்கள் சேர்ந்து சுழலும் ரூட்ஸ் வகைக்கு 1860இல் அமெரிக்காவின் ரூட்ஸ் சகோதரர்கள் காப்புரிமை பெற்றார்கள். அப்போது கார் என்ற ஒன்றே கிடையாது. ஆலைகளுக்குக் காற்று ஊதப் பிறந்த கருவி அது. இரண்டாவது, 1930களில் சுவீடன்காரர் லிஷோம் உருவாக்கிய இரட்டை ஸ்குரூ வகை. இதைப் பார்க்க அமெரிக்கா போக வேண்டியதில்லை. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளில் போர்வெல் துளையிடக் காற்றழுத்தம் தரும் ஸ்குரூ கம்ப்ரஸர் இதே குடும்பம்தான். ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. ரிக் கம்ப்ரஸருக்குள் எண்ணெய் பாய்ந்து சூட்டை வாங்கிக்கொண்டு போகும். காரில் அப்படி விட்டால் எண்ணெய் நேராக எஞ்சினுக்குள் போய்விடும். எனவே கார் சூப்பர்சார்ஜரில் ரோட்டர்கள் ஒன்றையொன்று தொடாமல், மயிரிழை இடைவெளியில், உலர்ந்த நிலையில் சுழல்கின்றன. அழுத்தத்தால் பிறக்கும் சூடு முழுவதும் காற்றிலேயே தங்கிவிடுகிறது. மூன்றாவது வகை மையவிலக்குப் பம்பு. அதன் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். எஞ்சின் உச்ச வேகத்தில் பாதிக்கு வந்தால் பூஸ்ட் கால் பங்காகிவிடும்.

ஏற்காட்டுப் பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். இரண்டாம் கியரில், நடுத்தர வேகத்தில் ஏறும் அந்தப் பாதையில் மையவிலக்குப் பம்பு ஏறக்குறைய ஓய்வெடுக்கும். ரூட்ஸும் ஸ்குரூவும் வளைவு முடிந்து ஆக்சிலரேட்டரை மிதித்த நொடியே முழுப் பூஸ்டைக் கொடுக்கும். ஓட்டுவதற்கு அதுதான் இன்பம். எஞ்சினுக்கு அதுதான் சோதனையும்கூட: சுமை அதிகம், வண்டியின் வேகம் குறைவு, ரேடியேட்டர் வழியாகப் போகும் காற்றும் குறைவு. இறக்கத்தில் கவலையில்லை. ஆக்சிலரேட்டரை விட்டவுடன் காற்றைத் திருப்பிவிடும் பைபாஸ் வால்வு திறந்து, பம்பு சும்மா சுழலும்.

இனிச் சூட்டுக்கு வருவோம். எல்லா வம்பும் இங்கேதான் தொடங்குகிறது. மே மாதத்தில் 40 டிகிரி வெயிலில் நிற்கும் காற்றை ஒன்றரை மடங்கு அழுக்கினால், இழப்பே இல்லாத பம்பிலும் அது 38 டிகிரி சூடேறும். எந்தப் பம்பும் இழப்பில்லாமல் வேலை செய்வதில்லை. அறுபது சதவீதத் திறனுள்ள ரூட்ஸ் பம்பில் 64 டிகிரி ஏறும். அதாவது பம்பை விட்டு வெளிவரும் காற்று 100 டிகிரிக்கு மேல். இதைத் தணிக்க இன்டர்கூலர் இருக்கிறது. பல கிட்களில் அது தண்ணீர் சுற்றும் வகை. முன்பக்கம் ஒரு சின்ன ரேடியேட்டர், தண்ணீரைத் தள்ள ஒரு சின்ன மின் பம்பு. அந்தத் தண்ணீர் வெளிக்காற்றைவிடக் குளிராக இருக்க வழியில்லை. 15 டிகிரிக் குளிரில் சோதித்துக் காட்டும் குதிரைத்திறன் எண்ணிக்கை, ஓமலூர் சாலையின் மதிய வெயிலில் செல்லாத காசு.

சூடான காற்று உள்ளே போனால் என்ன? தீப்பொறி பற்றிய இடத்திலிருந்து சுவாலை சிலிண்டருக்குள் பரவிக்கொண்டிருக்கும்போது, மூலையில் இன்னும் எரியாமல் இருக்கும் கலவை அழுத்தத்தாலும் சூட்டாலும் தானாகவே ஒரே நேரத்தில் வெடித்துவிடுகிறது. மெக்கானிக்குகள் ‘எஞ்சின் தட்டுகிறது’ என்று சொல்வது இதைத்தான். உள்ளேயிருக்கும் வாயு நொடிக்கு ஆறாயிரம் தடவைபோல அதிர்ந்து உலோகத்தை அறைகிறது. பிஸ்டன்மேல் படிந்து அதைக் காத்துவந்த மெல்லிய காற்றுப்போர்வை கிழிந்து, சூடு நேராக அலுமினியத்துக்குள் இறங்குகிறது.

சேலத்தில் ஒரு பட்டறையில் இப்படி அடிவாங்கிய பிஸ்டனைக் கையில் வாங்கிப் பார்த்தேன். மேலிருந்து பார்க்கையில் குறையே தெரியவில்லை. பக்கவாட்டில் திருப்பியதும், பிஸ்டனைச் சுற்றிய ரிங்குகள் உட்காரும் காடிகளில் முதல் காடிக்கும் இரண்டாம் காடிக்கும் நடுவிலுள்ள மேடு ஒரு விரல் அகலத்துக்குப் பெயர்ந்து போயிருந்தது. உடைந்த முகம் சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாக இருந்தது. உருகின தடம் எதுவும் இல்லை. சிலிக்கான் சேர்ந்த வார்ப்பு அலுமினியம் சூட்டில் அதிகம் விரிவடையாது, தேய்மானம் தாங்கும், விலையும் குறைவு; ஆனால் நெகிழாது, உடையும். ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவே விட்டிருக்கும் இடைவெளியும் சாதாரண எஞ்சினுக்கு அளந்து வைத்தது. பூஸ்டின் சூட்டில் ரிங் நீண்டு முனைகள் முட்டிக்கொண்டால், நீள வேறு இடமில்லாமல் அது சிலிண்டர் சுவரில் இறுகி, இதே மேட்டைப் பெயர்த்துவிடும்.

தொழிற்சாலையே சூப்பர்சார்ஜர் பூட்டித் தரும் கார்களில் இது நடப்பது ஏன் அபூர்வம்? அவர்கள் எஞ்சினையே வேறாகச் செய்கிறார்கள். 2016இல் இந்தியாவுக்கு வந்த ஃபோர்டு மஸ்டாங் ஜிடியின் 5 லிட்டர் வி8 எஞ்சினில் அழுத்த விகிதம், அதாவது சிலிண்டருக்குள் வந்த கலவையைப் பிஸ்டன் எத்தனை மடங்கு சுருக்குகிறது என்ற கணக்கு, 11:1. அதே மஸ்டாங்கின் சூப்பர்சார்ஜர் வடிவமான 2020ஆம் ஆண்டு ஜிடி500இல் 9.5:1. அழுக்கிய காற்றைப் பிஸ்டன் மறுபடி அழுக்கப்போகிறது என்று தெரிந்தே விகிதத்தைக் குறைத்து, அடித்து வடித்த உறுதியான பிஸ்டன்களையும் போட்டுத் தருகிறார்கள். கிட் விற்பவர்களால் இதைச் செய்ய முடியாது. உங்கள் 11:1 எஞ்சின் உள்ளபடியே இருக்கும். அதன்மேல் பூஸ்டை ஏற்றிவிட்டு, எஞ்சினை இயக்கும் கணினியான ஈசியூவில் தீப்பொறி நேரத்தைத் தள்ளிவைத்தும் பெட்ரோலைக் கொஞ்சம் கூட்டியும் சமாளிக்கிறார்கள். நல்ல கிட்டுக்கும் மட்டமான கிட்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் பெரும்பகுதி இந்த ட்யூனிங் கோப்புதான். பளபளக்கும் அலுமினியப் பெட்டிக்குக் கொடுக்கும் காசில் எவ்வளவு இந்தக் கோப்புக்குப் போகிறது என்று விசாரிக்கலாம்.

அந்தக் கோப்பு எந்த ஊர்ப் பெட்ரோலுக்கு எழுதப்பட்டது என்பது அடுத்த கேள்வி. அமெரிக்கக் கிட்டின் பெட்டியில் ‘91 ஆக்டேன் போதும்’ என்று அச்சிட்டிருக்கும். ஆக்டேன் என்பது பெட்ரோல் தட்டாமல் தாங்கும் திறனைக் காட்டும் எண். அமெரிக்கப் பெட்ரோல் பங்குகளில் காட்டும் எண், இரண்டு சோதனைகளின் சராசரி. நம் நாட்டில் சொல்வது அவற்றில் தாராளமான சோதனையின் எண். அவர்களுடைய 91 நம் கணக்கில் 95, 96க்குச் சமம். பிஎஸ்-4 புகை விதிகள் இருந்த காலத்தில் நம் சாதாரணப் பெட்ரோலின் குறைந்தபட்ச எண் 91 என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், பெட்டியைப் படித்துவிட்டு நிம்மதியாகப் பங்குக்குப் போனவரின் கதி புரியும். எத்தனால் கலப்பு 20 சதவீதத்தை எட்டியதில் தட்டுதல் விஷயத்தில் கொஞ்சம் நன்மை உண்டு. எத்தனால் ஆக்டேனைக் கூட்டும், ஆவியாகும்போது காற்றைக் குளிர்விக்கவும் செய்யும். ஆனால் அதற்கு வேண்டிய காற்று குறைவு, கிராமுக்கு 9 கிராம்தான். அதனால் அதே காற்றுக்கு அதிகப் பெட்ரோலைப் பீய்ச்ச வேண்டும். சாதாரண ஓட்டத்தில் ஆக்சிஜன் சென்சார் பார்த்துச் சரிசெய்துவிடும். முழு மிதியில் பல எஞ்சின்கள் சென்சாரைப் பார்க்காமல், ஈசியூவில் முன்பே எழுதிவைத்த மனப்பாடக் கணக்கில் ஓடுகின்றன. இன்ஜெக்டரும் பெட்ரோல் பம்பும் விளிம்பில் இருந்தால், மிகத் தேவையான நேரத்தில் பெட்ரோல் போதாமல் கலவை வறண்டுபோகும்.

1500 மீட்டர் உயரத்தில் என்ன ஆகும்? ஏற்காட்டில் காற்றழுத்தம் சேலத்தைவிட ஏழில் ஒரு பங்கு குறைவு. பெல்ட்டில் ஓடும் பம்பு அழுக்கும் விகிதம் பெரிதாக மாறாது. ஒன்றரை மடங்கு என்றால் ஒன்றரைதான். சேலத்தில் பூஸ்ட் மீட்டர் 0.49 பார் (7 பிஎஸ்ஐ போல) காட்டினால் மேலே 0.42 காட்டும். கிட்டில் கோளாறு என்று பதறிப் பட்டறைக்குப் போகத் தேவையில்லை. காற்றும் குளிர்ந்து, அழுத்தமும் குறைவதால் மலை உச்சியில் எஞ்சினுக்கு அபாயம் குறைவுதான். வெந்து தணியாத அடிவாரமும் முதல் சில வளைவுகளுமே ஆபத்தான இடம்.

மற்றவை சில்லறைச் சமாச்சாரங்கள், ஆனால் வண்டியை நடுவழியில் நிறுத்துபவை இவைதான். தொழிற்சாலையிலேயே சூப்பர்சார்ஜருடன் வரும் அமெரிக்கக் கார் டாட்ஜ் ஹெல்கேட்டில் பம்பைச் சுழற்ற மட்டும் உச்சத்தில் 80 குதிரைத்திறன்போலச் செலவாகிறது. கிட்களில் அதைவிடக் குறைவு என்றாலும் பெல்ட் சும்மா இருப்பதில்லை. புல்லியைச் சுற்றிக் கறுப்புத் தூள் படிந்தால் பெல்ட் வழுக்குகிறது. செவர்லே எல்எஸ் போன்ற எஞ்சின்களில் கிராங்க் தண்டின் புல்லி, ஒரு போல்ட்டின் இறுக்கத்தில் மட்டுமே நிற்கும். துளையிட்டு ஓர் இரும்பு முளையை அடிக்காவிட்டால் ஒருநாள் நழுவும். இன்டர்கூலரின் மின் பம்பு நின்றுபோனால் பல கிட்களில் எந்த விளக்கும் எரியாது. ‘சின்னப் புல்லி போட்டால் இன்னும் இரண்டு பிஎஸ்ஐ’ என்று யாராவது ஆசை காட்டினால், கிட் செய்தவர் விட்டுவைத்த பாதுகாப்பு இடைவெளியைத்தான் அவர் விற்கிறார்.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறித்த அசல் விவரங்களிலிருந்து வண்டியை மாற்ற முடியாது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. வாரண்டியும் இன்சூரன்ஸும் கேள்விக்குள்ளாகும். இத்தனைக்கும் பிறகு, பந்தயத் தடத்துக்காகவோ வேறெதற்காகவோ பூட்டியே தீருவேன் என்பவர், ட்யூனிங் செய்தவரிடம் குதிரைத்திறன் சான்றிதழை வாங்கிக் கண்ணாடி போட்டு மாட்ட வேண்டாம். கோடை மதியத்தில் முழுச் சுமையில் ஓட்டி எடுத்த பதிவைக் கேட்கட்டும். அதில் மூன்றே வரிகளைப் பார்த்தால் போதும்: எஞ்சினுக்குள் போன காற்றின் சூடு, தட்டுதலுக்குப் பயந்து ஈசியூ எத்தனை டிகிரி தீப்பொறியைப் பின்வாங்கியது, பெட்ரோல் கலவை எங்கேயாவது வறண்டதா. முதல் எண் ஏறஏற இரண்டாவதும் ஏறிக்கொண்டே போனால், பணம் கொடுத்து வாங்கிய சக்தியை எஞ்சின் தன் உயிரைக் காப்பாற்றத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறது.