சௌடர் சாறு அல்ல, கூழ்

அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் மீன், உருளைக்கிழங்கு, பால் சேர்த்து வீட்டுக்கு வீடு செய்யும் மீன் சௌடரைத் தமிழில் 'மீன் சாறு' என்று எழுதுகிறார்கள். இந்த மாதம் மட்டும் மூன்று முறை படித்துவிட்டேன். என் அண்ணி அப்படி ஒரு குறிப்பைப் பார்த்துச் செய்தார். சாறு என்று போட்டிருந்ததால், வெந்த மீனையும் உருளைக்கிழங்கையும் வடிகட்டி எடுத்துவிட்டார். அவர்மேல் தப்பே இல்லை.

பிரெஞ்சில் ஷோதியேர் என்றால் கொப்பரை. அதிலிருந்துதான் சௌடர் வந்தது என்பதே பலரும் ஏற்கும் கருத்து. பாத்திரத்தின் பெயர் பண்டத்துக்கு ஆகிவந்திருக்கிறது.

சரி, சாறு என்றால் என்ன? கரும்புச் சாறு, எலுமிச்சைச் சாறு, பச்சிலைச் சாறு. பிழிந்து சக்கையை நீக்கினால்தான் அது சாறு. சௌடரிலோ நீக்க ஒன்றுமே இல்லை. பாஸ்டன் செய்தித்தாள் ஒன்றில் 1751இல் இதன் செய்முறை பாட்டாகவே வந்தது. அடியில் வெங்காயம், அதன்மேல் பன்றிக் கொழுப்பிறைச்சி, மீன், கப்பல் பிஸ்கட் (மாலுமிகள் கொண்டுபோகும் கெட்டி ரொட்டி) என்று அடுக்கடுக்காக வைக்கச் சொல்கிறது. பாலும் உருளைக்கிழங்கும் பிற்பாடு வந்து சேர்ந்தவை. இன்றும் ஹேடாக், காட் போன்ற கடல்மீனைப் பெரிய துண்டாகப் போட்டு, உடையாமல் வேகவிட்டு, கடைசியில் பால் ஊற்றிக் கொதி வராமல் இறக்குகிறார்கள். கரண்டியில் அள்ளினால் துண்டு வர வேண்டும். ஒரு கிண்ணம் சாப்பிட்டால் அதுவே ஒரு வேளைச் சாப்பாடு. இதைப் போய்ச் சாறு என்பதா?

குழம்பு என்றும் சொல்லக் கூடாது. குழம்பு என்றாலே புளி, மிளகாய், பக்கத்தில் சோறு என்று மனம் போய்விடும்.

யாழ்ப்பாணத்து ஒடியல் கூழை நினைத்துப் பாருங்கள். மீன், நண்டு, இறால், மரவள்ளி, பயற்றங்காய், பலாக்கொட்டை எல்லாம் ஒரே பானையில் வேகும். பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மா அதைத் தடிப்பாக்கும். அங்கே கப்பல் பிஸ்கட் செய்த வேலையை இங்கே ஒடியல் மா செய்கிறது. இதற்கும் சோறு வேண்டாம், கூழே சாப்பாடு. சுவை வேறுதான், உறைப்பும் புளியும் உண்டு. ஆனால் உணவின் தன்மை ஒன்று. ஆகவே மீன்கூழ் என்பேன்.

கூழ் என்றால் கேழ்வரகுதானே என்று தமிழ்நாட்டில் கேட்பார்கள். மீன் போட்ட கூழைக் கடலுக்கு அந்தப் பக்கம் தமிழர்கள்தான் குடிக்கிறார்கள். அகராதியில் சூப்புக்கு நேரே இருப்பதை எடுத்து ஒட்டும் மொழிபெயர்ப்பாளர்கள் பானைக்குள்ளும் எட்டிப் பார்ப்பதில்லை, பக்கத்து ஊர்த் தமிழையும் கேட்பதில்லை. எனக்கு ஆறாத வருத்தம் இதில்தான்.

கிளாம் சௌடரை மட்டிக்கூழ் என்று தயங்காமல் எழுதலாம். மக்காச்சோளச் சௌடர்தான் இடிக்கிறது. சோளக்கூழ் என்றால் நம் ஊர்ச் சோளம் வந்து நிற்கும். அங்கே மட்டும் சௌடர் என்றே விட்டுவிடுங்கள்.